வவ்வால் புடவும் முகமில்லாத ராஜாவும்

“காசை எல்லாம் கொட்டுங்க சித்தப்பா!”

அங்கயற்கண்ணி போட்ட சத்தத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தது. பாறையடியில் ஒண்டியிருந்த தெய்வேந்திரன் நடுங்கிப்போய், இடுப்பிலிருந்த சுருக்குப்பையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

மழை பெய்துகொண்டிருந்தது. வானம் பொத்துக்கொண்டது என்பார்களே, அந்த ரகம் இல்லை இது. வானமே ஆணி கழன்று விழுந்து போடி மலையின்மேல் மல்லாந்து கிடந்தது. மலையில் விழுந்த தண்ணீரெல்லாம் ஓடையாகிச் சேறும் நுரையுமாக வந்து, அவர்களுக்கு எதிரே இருந்த ஒரு கரிய துளைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் துளைக்குப் பெயர் வவ்வால் புடவு. புடவு என்றால் அந்தப் பக்கத்தில் குகை.

அந்தப் புடவுக்குள் முந்தைய நாள் காலையில் போன அங்கயற்கண்ணியின் அப்பா பொன்னுலிங்கம் இன்னும் வெளியே வரவில்லை.

“தீயணைப்புக்காரங்க கிளம்பிட்டாங்கம்மா. பாலம் போயிருச்சு. சுத்திக்கிட்டு நாளைக்குத்தான் வருவாங்க” என்றார் வனக்காவலர். அவர் தன் உயிரைப் பிடித்துக்கொண்டு இரண்டு திருப்பம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது.

“நாளைக்கு உள்ள என்ன சார் இருக்கும்?”

அவர் ஓடையைப் பார்த்தார்.

பொன்னுலிங்கம் மதுரையில் ஒரு லாட்ஜில் மேனேஜர். அது வயிற்றுக்கு. உயிருக்கு வேறு வேலை: பழைய நாணயம். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாணயக்காரர்கள் கூடுகிற இடத்தில் அவர் கேள்வி கேட்க எழுந்தால், தண்ணீர் குடிக்க வந்த காக்காய்கூட விடை தெரியாமல் தலைகுனியும். ‘ரோமாபுரிப் பொற்காசில் ராஜாவின் முகத்தை நம்மூரில் உளியால் வெட்டினார்களே, ஏன்?’ என்பார். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருட வெள்ளி ரூபாய் ஏன் கண்ணில் படுவதே இல்லை?’ என்பார். வீட்டிலும் அதே கதைதான். கேள்விக்கு விடை சொல்லாமல் சாம்பார்க் கரண்டி கைமாறாது. அம்மா போனபிறகு அந்தக் கேள்விகள் எல்லாம் ஒரே பிள்ளையான அங்கயற்கண்ணியின் தலையில்தான் விழுந்தன. எலும்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவளுக்கு எந்த ராஜா எந்தப் பக்கம் திரும்பினால் என்ன?

கிளம்புகிற அன்றைக்கும் சமையலறை வாசலில் வந்து நின்றார். “அங்கை, எட்டாவது எட்வர்டு ராஜா காசுல எந்தப் பக்கம் பாக்குறாரு, சொல்லு?”

அவள் மிக்ஸியைப் போட்டாள். தேங்காய்ச் சட்னி. கடகடவென்று ஓடிய மிக்ஸிக்கு மேலே அவர் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதுதான் கடைசி. அந்த மிக்ஸிச் சத்தம் இன்னும் அவள் காதுக்குள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“கொட்டுங்கன்னு சொன்னேன்!”

தெய்வேந்திரன் பேக்கரி வைத்திருப்பவர். கடையில் விற்காத கேக்கெல்லாம் அவர் வயிற்றில்தான் இருந்தது. அவர் பெரியகுளத்தில் தும்மினால் அந்த வயிறு தேனியில் குலுங்கும். பொன்னுலிங்கத்துக்கு அவர் தம்பி மாதிரி. கூடவே உள்ளே போனவர் அவர்தான். சாயங்காலம் தனியாக வெளியே வந்தவரும் அவர்தான்.

அவர் பையைக் கவிழ்த்தார். ஐந்து வெள்ளி ரூபாய்கள் பாறையில் உருண்டு விழுந்தன.

“அண்ணன் முன்னால போவாரு. ரெண்டு வழி பிரியுற எடத்துல எல்லாம் ஒரு காசை வெச்சுட்டுப் போவாரு” என்றார். “காசு கெடக்குற வாய் நாம வந்த வழி. காசுல ராஜா எந்தப் பக்கம் பாக்குறாரோ, அண்ணன் அந்தப் பக்கம்தான் போவாரு. பின்னால நான் மெதுவா வருவேன்ல, எனக்காக.”

“அதை நீங்க என்ன பண்ணீங்க?”

“எடுத்துட்டேம்மா.”

“என்னது?”

“முதக் காசே முப்பத்தஞ்சு! ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தஞ்சு! வில்லியம் ராஜா! கீறல் இல்லை, தேயலை, நேத்து அடிச்ச மாதிரி. அது வவ்வால் புழுக்கையில கெடக்குது! பாத்துக்கிட்டு எப்படிம்மா தாண்டிப் போறது? வெளிய வந்து அண்ணன்கிட்டக் குடுத்துருவோம்னுதான்… அப்புறம் ஒவ்வொண்ணா…” அவர் தலையில் அடித்துக்கொண்டார். “இடுக்கு ஒண்ணு வந்துச்சு. அண்ணன் நுழைஞ்சுட்டாரு. என் வயிறு நுழையலை. கூப்பிட்டுப் பாத்தேன், சத்தமே இல்லை. தண்ணி வர ஆரம்பிச்சுச்சு. பயந்து ஓடிட்டேன். எந்த வழின்னு தெரியலை. அந்திக்கு வவ்வால் எல்லாம் வெளிய பறந்துச்சு பாரு, அது பின்னாலயே உருண்டு வந்தேன்.”

ஒரு நாணயக்காரனால் கீழே கிடக்கிற காசை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த ஒரு நமைச்சல், ஒரு மனிதன் திரும்பி வருவதற்கான வழியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுவிட்டது.

“ஏய்யா காசுக்காரவரே” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “கோழி கூட நெல்லைப் பொறுக்கையில அங்கிட்டு இங்கிட்டுப் பாக்குமேய்யா.”

ஒச்சம்மா. அந்த மலையில் ஆடு மேய்ப்பவள். அவள் ஆட்டின் குளம்பில் ஒட்டிவந்த ரோமாபுரிப் பொற்காசுதான் இவ்வளவுக்கும் ஆரம்பம். உளியால் முகம் வெட்டுப்பட்ட காசு. ஒன்று புடவு வாசலில் கிடந்தால் உள்ளே ஒரு பானை இருக்கும் என்று பொன்னுலிங்கம் குதித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அங்கயற்கண்ணி சேலையை இழுத்துச் செருகினாள். “எந்தக் காசு எங்க கிடந்துச்சு? வரிசையாச் சொல்லுங்க.”

“ஞாபகம் இல்லைம்மா. இருட்டு, பயம். எல்லாத் திருப்பமும் ஒரே மாதிரி.”

“அப்பா எந்த வரிசையில வைப்பாரு?”

தெய்வேந்திரன் நிமிர்ந்தார். முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது. “வருச வரிசை! வருசம் மாத்தி வெச்சா அந்த மனுசனுக்குச் சோறு எறங்காதே!”

ஐந்து காசும் பாறைமேல் வரிசைக்கு வந்தன. முப்பத்தைந்து, வில்லியம், வலப்பக்கம் பார்க்கிறார். நாற்பது, விக்டோரியா ராணி, இடப்பக்கம். அறுபத்திரண்டு, மறுபடியும் ராணி, இடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்று, ஏழாம் எட்வர்டு, வலம். பதினொன்று, ஐந்தாம் ஜார்ஜ், இடம்.

“இரு, இரு!” தெய்வேந்திரன் திடீரென்று பதறினார். “இந்த அறுபத்திரண்டுல ஒரு சூது இருக்கு. அதே வருசத்தைப் போட்டே எழுபத்து நாலு வரைக்கும் அடிச்சாங்க. இது எந்த வருசத்துல அடிச்சதுன்னு புள்ளியை எண்ணித்தான்…”

“ரெண்டு ராணியும் இடது தானேய்யா பாக்குறா?” என்றாள் ஒச்சம்மா. “அப்புறம் என்னத்துக்குப் புள்ளி?”

வனக்காவலர் தலையைத் தலையை ஆட்டினார். “போகாதீங்கம்மா. நான் விட முடியாது.”

“சார், உங்க அப்பாவா இருந்தா?”

அவர் நெற்றியில் கட்டும் டார்ச்சுகளையும் கயிற்றையும் எடுத்துக் கொடுத்தார்.

“நீ எதுக்குக்கா?” என்றாள் அங்கயற்கண்ணி ஒச்சம்மாவிடம்.

“என் ஆடு மிதிச்ச காசுக்காக ஒரு மனுசன் உள்ள போயிருக்காரு. அவரு வெளிய வராம நான் வீட்டுல கஞ்சி குடிப்பேனா? நட தாயி.”

தெய்வேந்திரன் எழுந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவரே வந்து வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார்.

உள்ளே இறங்கினார்கள்!

முதலில் நாற்றம் வந்தது. வவ்வால் மூத்திர நாற்றம். சாதாரண மூக்காக இருந்தால் கழன்று விழுந்திருக்கும். தலைக்குமேல் ஆயிரமாயிரமாகத் தொங்கியவை கீச்சிட்டன. காலுக்குக் கீழே ஓடை கணுக்கால் உயரத்துக்கு ஓடியது. ஐஸ் தண்ணீர். பின்னால் புடவு வாசல் ஒரு தட்டு அளவுக்குச் சிறுத்தது, பிறகு ஒரு காசு அளவுக்கு. அதன்பிறகு இல்லை.

முதல் திருப்பம். இரண்டு கரிய வாய்கள்.

“வில்லியம், வலது” என்றாள் அங்கயற்கண்ணி. “சித்தப்பா, காசை வந்த வழியிலயே வைங்க. தண்ணி ஏறுது, கைக்கெட்டுற உயரத்துல, தெரியுற மாதிரி வைங்க.”

தெய்வேந்திரன் அந்தக் காசை ஒருமுறை தடவினார். பிள்ளையை ஹாஸ்டலில் விடுகிறவர் மாதிரி ஒரு பாறை இடுக்கில் செருகினார். டார்ச் வெளிச்சத்தில் அது பளீரென்று மின்னியது.

இரண்டாவது திருப்பம்: ராணி, இடது. மூன்றாவது: மறுபடியும் ராணி, இடது. அங்கே ஒரு குறுகிய சந்தில் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து போகும்போது, பின்னால் எங்கோ பாறை ஒன்று சரிந்து விழுந்தது. புடவே இருமியது போல ஒரு சத்தம். மூவரும் அப்படியே நின்றார்கள். தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது.

“திரும்பணும்னா இப்பவே சொல்லுங்க” என்றாள் அங்கயற்கண்ணி. அவள் பற்கள் தாளம் போட்டன.

“பேசாம நட” என்றாள் ஒச்சம்மா.

நான்காவதில் ஏழாம் எட்வர்டைப் பார்த்து வலப்புறம் திரும்பினார்கள். ஐந்தாவது திருப்பத்தில் தெய்வேந்திரன் பதினொன்றாம் வருடக் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“இந்தக் காசுல ராஜா அங்கியில ஒரு யானை இருக்கும்மா. ரொம்பப் பேரு அது பன்னின்னு நினைச்சுக் கோபப்பட்டு, சர்க்காரு காசையே திரும்ப வாங்கிருச்சு. அண்ணன் மொதமொத என்கிட்டக் கேட்ட கேள்வி இதுதான். நான் தப்பாச் சொன்னேன். சிரிச்சாரு. அன்னைக்கிருந்து…” காசை இடுக்கில் செருகினார். “இடது.”

இடப்பக்கம் போனால் இடுக்கு. பாறையும் பாறையும் உதடு குவித்தது போல ஒரு துவாரம். ஒச்சம்மா ஓணான் மாதிரி நுழைந்து அந்தப் பக்கம் போனாள். அங்கயற்கண்ணி மூச்சை வெளியே விட்டு, தோள்பட்டையைச் சாய்த்து, தோலைப் பாறைக்குக் கொடுத்து நுழைந்தாள். தெய்வேந்திரன் தலையை விட்டார், ஒரு கையை விட்டார், அதற்குமேல் பேக்கரி நுழையவில்லை.

“நீங்க இங்கனயே இருங்க” என்றாள் அங்கயற்கண்ணி, கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பில் கட்டி, மறுநுனியை அவரிடம் கொடுத்து. “இதைப் பிடிச்சுக்கங்க.”

“தண்ணி வந்தா?”

“வந்தாலும் பிடிச்சுக்கங்க.”

துவாரத்தின் வழியாக அவள் கண்களை அவர் பார்த்தார். நேற்று இதே இடத்திலிருந்துதான் ஓடினார். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

இடுக்கைத் தாண்டிக் கொஞ்சதூரத்தில் மறுபடியும் வழி பிரிந்தது. இங்கே தெய்வேந்திரன் வந்ததில்லை. அப்பா வைத்தது வைத்தபடி இருக்கும். அங்கயற்கண்ணி ஆவலோடு டார்ச்சைத் திருப்பினாள். ஒரு கல்லின்மேல் இருந்தது… ஒரு அட்டை. நாணயம் வைப்பதற்கென்று நடுவில் வட்டமாகக் கண்ணாடித்தாள் ஒட்டிய அட்டை.

உள்ளே காசு இல்லை.

“விழுந்துருக்கும்” என்று ஒச்சம்மா குனிந்து தண்ணீரைத் துழாவினாள்.

“இல்லைக்கா.” அப்பாவின் ஆல்பத்தில் அந்த வெறும் அட்டையை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஐந்தாம் ஜார்ஜுக்கு அடுத்த இடம். எட்டாவது எட்வர்டு. ஒரு வருடம்கூட முழுசாக அரசாளாமல் பட்டத்தைத் துறந்துவிட்டுப் போன ராஜா. கட்ச் சமஸ்தானத்தில் அவர் பெயரைப் போட்டுக் காசு அடித்தார்கள். முகம் போட்டு இந்தியாவில் ஒரு காசும் இல்லை. காசு இல்லாவிட்டாலும் வரிசை கலையக் கூடாது என்று அப்பா அவருக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். இங்கேயும் வரிசை கலையாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், பின்னால் வருகிற தெய்வேந்திரன் திணறட்டும் என்று குறும்பாக!

எட்டாவது எட்வர்டு எந்தப் பக்கம் பார்க்கிறார்?

மிக்ஸி அவள் காதுக்குள் கடகடவென்று ஓடியது.

“சித்தப்பா!” துவாரத்தைப் பார்த்துக் கத்தினாள். “எட்டாவது எட்வர்டு எந்தப் பக்கம்?”

“வலதும்மா!” தெய்வேந்திரனின் குரல் பாறையில் மோதி உருண்டு வந்தது. “ஒரு ராஜா இடது பாத்தா அடுத்தவரு வலது பாப்பாரு! காலங்காலமா அதுதான் வழக்கம்! அஞ்சாம் ஜார்ஜ் இடது. அதனால எட்வர்டு வலது. அடுத்து வந்த ஆறாம் ஜார்ஜ் இடது. சரியா வருதுல்ல? வலதே தான்!”

சரியாகத்தான் வந்தது. இதுவரை வந்த திருப்பங்கள்கூட அப்படித்தான் வந்தன. வில்லியம் வலது, ராணி இடது, எட்வர்டு வலது, ஜார்ஜ் இடது. ஒச்சம்மா வலப்பக்க வாயை நோக்கிக் காலை எடுத்து வைத்தாள்.

“நில்லுக்கா!”

“என்னத்தா?”

“அவ்வளவு சுலபமா இருந்தா அப்பா அதைக் கேள்வியாக் கேட்டிருக்க மாட்டாரு.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சமையலறை. எதிரே மிக்ஸி. வாசலில் அப்பா. வாய் அசைகிறது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். கோபித்துக்கொண்டார் என்றுதான் அவள் நினைத்தாள். நேற்றிலிருந்து அந்தக் கோபத்தை நினைத்துத்தான் அழுதாள். ஆனால் கோபித்துக்கொள்கிறவர் எதற்காக மோவாயை அப்படித் தூக்கிக்கொண்டு நின்றார்? எதற்காக விறைப்பாக, அசையாமல், ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தபடி? எதற்காக முன்நெற்றி முடியை வகிடெடுத்து ஒதுக்கிவிட்டுக்கொண்டார்?

கோபம் இல்லை! அப்பா ராஜாவாக நின்றார்! மிக்ஸிச் சத்தத்தில் கேட்கவில்லையே என்று விடையை நடித்துக் காட்டினார்! அப்படி நின்றவர் எந்தப் பக்கம் பார்த்தார்? சன்னல் பக்கம். சன்னல் அவளுக்கு எந்தப் பக்கம்?

அவள் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். கறிவேப்பிலை பறிக்க அவள் சன்னல் வழியாக நீட்டுகிற கை.

“இடது” என்றாள்.

“காசுக்காரவரு வலதுங்கிறாரே?”

“இடதுக்கா. தப்பா இருந்தா என்னைய விட்டுட்டு நீ போயிரு.”

“ம்க்கும், போறாங்க” என்றபடி ஒச்சம்மா ஒரு கல்லை எடுத்துச் சும்மா வலப்பக்க வாய்க்குள் எறிந்தாள்.

சத்தம் இல்லை. இருவரும் காத்திருந்தார்கள். அப்போதும் இல்லை. பாதாள லோகம் போய், அங்கே இருப்பவர்களிடம் நலம் விசாரித்துவிட்டுத்தான் அந்தக் கல் விழுந்திருக்கும். வெகுநேரம் கழித்து, எங்கோ அடியில், தொபுக் என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

ஒச்சம்மா அங்கயற்கண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு விடவே இல்லை.

இடப்பக்க வழி ஏறி இறங்கி ஓர் அறையில் முடிந்தது. அவள் டார்ச்சைச் சுழற்றினாள். பாறை. சேறு. ஒரு திட்டு. திட்டின்மேல் ஒரு மனிதர் மல்லாந்து கிடந்தார். கைகள் மார்பின்மேல் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. கால் ஒன்று திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

நெற்றியில் ஒரு வெள்ளி ரூபாய் ஒட்டியிருந்தது.

செத்தவர்களுக்குத்தான் நெற்றியில் காசு வைப்பார்கள்.

எத்தனையோ பேருக்குக் கடைசி நாடி பார்த்த கை அங்கயற்கண்ணியுடையது. அதுவே போய் அவர் கழுத்தில் விழுந்தது. குளிர்ந்திருந்தது. கல் மாதிரி குளிர்ந்திருந்தது. அவள் விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

விரலுக்கடியில் ஏதோ துடித்தது.

“எப்படி இடது பக்கம் வந்தே?” என்றது அந்தப் பிணம்.

“அப்பா!”

“தெய்வேந்திரன் வலதுன்னு சொல்லியிருப்பானே.” உதடு மட்டும்தான் அசைந்தது. “அந்த எட்வர்டு பிடிவாதக்காரன் அங்கை. வகிடு தெரியுற பக்கம்தான் தனக்கு அழகுன்னு சொல்லி, வழக்கத்தை மாத்தி இடது பாத்தான். மாதிரிக் காசு அப்படித்தான் அடிச்சாங்க. வெளிய வரதுக்குள்ள ஆளு போயிட்டான். அடுத்து வந்தவன், முன்னவன் வலது பாத்த மாதிரியே பாவிச்சுக்கிட்டு…”

“பேசாதீங்கப்பா. நெத்தியில என்னது இது?”

“ஆறாம் ஜார்ஜ். கடைசிக் காசு. செத்துட்டா யாருக்கும் சிரமம் வேணாம்னு நானே வெச்சுக்கிட்டேன்.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று ஒச்சம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. ஒச்சம்மா தன் ஆட்டுக்கம்பை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள். அங்கயற்கண்ணி அதை இரண்டு பக்கமும் வைத்து, துண்டைக் கிழித்து அப்பாவின் காலைக் கட்டினாள். கட்டும்போது அவர் போட்ட அலறலில் வவ்வால்கள் இடம் மாறித் தொங்கின.

“திரும்பி வந்தேன் அங்கை” என்றார் மூச்சு வாங்க. “இடுக்கைத் தாண்டினேன். திருப்பத்துல அஞ்சாம் ஜார்ஜைக் காணோம். கண்ணு பொய் சொல்லுதுன்னு நினைச்சேன். தேடினேன், தேடினேன். தப்பான வழியில போயி விழுந்தேன். தவழ்ந்துக்கிட்டு இங்கனயே வந்துட்டேன். இங்கதான் என் காசு இருந்துச்சு.”

பிறகு கண்ணால் சுவரைக் காட்டினார். பாறைப் பிளவில் ஒரு பானை. வாய் உடைந்திருந்தது. உடைந்த வாயில் டார்ச் பட்டதும் அறை முழுக்க மஞ்சளாயிற்று. வெட்டுப்பட்ட முகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, கழுத்துவரை.

ஒச்சம்மா அதை ஒரு தடவை பார்த்தாள். ஒரே ஒரு தடவை. “தண்ணி திட்டுக்கு வந்துருச்சு தாயி. தூக்கு.”

இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு இடுக்குக்கு வந்தபோது அங்கே தண்ணீர் இடுப்பளவு. கயிறு விறைப்பாகத்தான் இருந்தது. மறுபக்கம் தெய்வேந்திரன் மார்பளவு தண்ணீரில், நீலம் பாரித்த உதட்டோடு, கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

“அண்ணே!”

“யாரு, தம்பியா? என் ஜார்ஜை எந்த வவ்வாலோ தூக்கிட்டுப் போயிருச்சுப்பா.”

ஒரு நொடி. அந்த வவ்வாலின்மேல் பழியைப் போட்டுவிட்டால் முடிந்துபோகும். அங்கயற்கண்ணி வாயைத் திறக்கவில்லை.

“நாந்தாண்ணே எடுத்தேன்” என்றார் தெய்வேந்திரன். “அஞ்சையும் நாந்தான் எடுத்தேன்.”

பொன்னுலிங்கம் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். துவாரத்தின் மறுபக்கம் இருந்த முகத்தைப் பார்த்தார்.

“இழு” என்றார்.

இழுத்தார்! இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் தள்ள, அந்தப் பக்கம் அவர் இழுக்க, பொன்னுலிங்கம் பாதித் தோலைப் பாறையில் விட்டுவிட்டுப் பிதுங்கி வந்து விழுந்தார். தெய்வேந்திரன் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டார். இரண்டு கையாலும் தொடைகளைக் கோத்துப் பிடித்துக்கொண்டார். ஒச்சம்மா முன்னால் வெளிச்சம் காட்டினாள். பின்னால் அங்கயற்கண்ணி கட்டுப்போட்ட கால் பாறையில் மோதாமல் தாங்கிக்கொண்டாள்.

“அந்தா, காசு!” என்றாள் ஒச்சம்மா. ஐந்தாம் ஜார்ஜ் மின்னியது. அந்த வழியில் நுழைந்தார்கள்.

ஏழாம் எட்வர்டு மின்னினார். அந்த வழி. ராணி மின்னினாள். தண்ணீர் இப்போது தெய்வேந்திரனின் கழுத்தில் ஏறி இறங்கியது. ஒவ்வொரு காசையும் தாண்டும்போது அவர் தோள் ஒருமுறை துடித்ததை முதுகில் இருந்தவர் உணர்ந்தார். அவர் கை மட்டும் பிரியவில்லை. மற்றொரு ராணியும் வந்தாள், போனாள்.

கடைசித் திருப்பம். பாறை இடுக்கில் வில்லியம் ராஜா, கீறல் இல்லாமல், தேயாமல்.

“டேய் தம்பி!” பொன்னுலிங்கத்துக்கு அந்த நிலையிலும் தாங்கவில்லை. “முப்பத்தஞ்சுடா! கைக்கெட்டுற தூரம்டா! ஒரு கையை எடுத்து எடுத்துக்கடா!”

“ஒரு கையை எடுத்தா நீ தண்ணிக்குள்ள போயிருவண்ணே.”

“நேத்து அடிச்ச மாதிரி இருக்குடா!”

“கெடக்கட்டும்ணே” என்றார் தெய்வேந்திரன். அந்தக் காசைப் பார்க்காமல், கண்ணை இறுக மூடிக்கொண்டு தாண்டிப் போனார். அவர் வாழ்நாளில் கீழே கிடந்த காசை விட்டுவந்தது அதுதான் முதல் தடவை.

வெளியே இன்னும் பகலாகத்தான் இருந்தது. மழையும் இருந்தது. வனக்காவலர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். அப்படியே நால்வரும் சேற்றில் விழுந்து கிடந்தார்கள். அன்றைக்கு அந்த மலையில் பெய்த மழை முழுக்க அவர்கள் முகத்தில்தான் பெய்தது.

அந்த ராத்திரியே புடவுக்குள் பாறை சரிந்து வழி அடைபட்டுவிட்டது. பானை உள்ளே இருக்கிறது. தாசில்தார் வந்து எழுதிக்கொண்டு போனார். தொல்லியல்காரர்கள் வந்து அளந்து பார்த்து, கோடையில் தோண்டலாம் என்றார்கள். ஒச்சம்மாவின் காசு மியூசியத்துக்குப் போனது. ‘கண்டெடுத்தவர்: ஒச்சம்மா’ என்று எழுதியதற்கு அவள் சண்டைக்கே போய்விட்டாள்: “நான் எங்கய்யா கண்டேன்? என் வெள்ளாடு கண்டுச்சு. அது பேரை எழுது!”

பொன்னுலிங்கத்தின் கால் கூடவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதைப்பற்றி யாராவது துக்கம் விசாரித்தால், “ராஜாவுக்கெல்லாம் காசுல கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே கெடையாது, நமக்கென்ன?” என்கிறார். ராத்திரியில், யாரும் பார்க்காதபோது, அவர் அந்த வெற்றிடத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அங்கயற்கண்ணி மட்டும் பார்த்திருக்கிறாள். காலையில் அவர் கட்டைக்காலை ஊன்றிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றால், அவள் மிக்ஸியின் சுவிட்சை அணைத்துவிட்டு அவரைப் பார்த்து நிற்கிறாள்.

“ம், கேளுங்க.”

தெய்வேந்திரன் மாறிவிட்டார். போன வாரம் பெரியார் பஸ் ஸ்டாண்டில் அவர் காலடியில் ஒரு ரூபாய் கிடந்தது. ஜனங்கள் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவர் குனியவில்லை. மதுரையில் ஓடுகிற பஸ்கள் எல்லாம் அவரை வைதுவிட்டுச் சுற்றிப் போயின. அவர் அசையாமல் அந்தக் காசுக்குப் பக்கத்தில் காவல் நின்றார். கீழே கிடக்கிற காசெல்லாம் யாரோ தொலைத்ததாகத்தான் இருக்க வேண்டுமா? யாரோ திரும்பி வருவதற்காக வைத்துவிட்டுப் போனதாகவும் இருக்கலாமே!